ஒரு வரியில் மூன்று ‘அப்’: நெட்வொர்க் இணைப்பு நிலையைச் சரியாகக் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கணினி ஒன்றில் ‘ஐபி லிங்க்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். கேபிள் செருகப்பட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஈதர்நெட் இடைமுகத்துக்கான (கணினியை நெட்வொர்க்கோடு சேர்க்கும் வாயிலுக்கான) வரியை உற்றுப் பார்த்தால், ‘அப்’ என்ற சொல் மூன்று இடங்களில் இருக்கும். கோண அடைப்புக்குள் ஓர் ‘அப்’. அதன் பக்கத்திலேயே ‘லோயர்_அப்’. சற்றுத் தள்ளி ‘ஸ்டேட் அப்’. ஒரே செய்தியை மூன்று முறை சொல்வதுபோலத் தோன்றும். அப்படி இல்லை. முதலாவது, நீங்கள் இட்ட கட்டளை. இரண்டாவது, கம்பியில் உள்ள நிலைமை. மூன்றாவது, இவற்றோடு இன்னும் சிலவற்றையும் பார்த்துவிட்டுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லும் முடிவு.

இந்த மூன்றையும் பிசைந்து ஒரே பச்சைப் புள்ளியாகக் காட்டும் கருவிகளோடு நான் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். கணினிகளைக் கண்காணிக்கச் சொந்தமாக ஒரு ஸ்கிரிப்டோ, சிறு கருவியோ எழுதப் போகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. லினக்ஸையே தளமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற இயங்குதளங்கள் நன்றாகச் செய்திருக்கும் இடங்களில் அவற்றையும் தொட்டுச் செல்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 1: மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

நிரல் எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடைமுகம் இயங்க வேண்டும் என்று நிர்வாகி சொல்லியிருக்கிறாரா? இது நிர்வாக நிலை. மறுமுனையிலிருந்து சிக்னல் வருகிறதா? இது கேரியர். இப்போது ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போகுமா? இது செயல்நிலை.

இந்தப் பிரிவினை என் கண்டுபிடிப்பு அல்ல. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான ஆர்எஃப்சி 2863 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதை வரையறுத்துவிட்டது. அதன்படி நிர்வாக நிலைக்கு மூன்று மதிப்புகள்: அப், டவுன், டெஸ்டிங். செயல்நிலைக்கு ஏழு: அப், டவுன், டெஸ்டிங், அன்னோன், டார்மன்ட், நாட் பிரசென்ட், லோயர் லேயர் டவுன். லினக்ஸ் கெர்னலும் இந்த ஏழையே எடுத்துக்கொண்டது. எண்கள் மட்டும் வேறு. ஆகவே எண்ணை நேரடியாக எடுத்து ஆர்எஃப்சி அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். ஆர்எஃப்சியில் ‘அப்’ என்பது 1. லினக்ஸில் 1 என்றால் ‘நாட் பிரசென்ட்’.

சிஸ்கோ சாதனங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பிரிவினை பழக்கமானது. ‘இடைமுகம் அப், லைன் புரோட்டோகால் டவுன்’ என்று அது இரண்டு பகுதிகளாகப் பேசும். நிர்வாகியே நிறுத்தி வைத்திருந்தால் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். விண்டோஸின் ‘நெட்எஸ்எச்’ கருவியும் ‘அட்மின் ஸ்டேட்’, ‘ஸ்டேட்’ என்று இரண்டு பத்திகள் வைத்திருக்கிறது. பவர்ஷெல்லில் ‘கெட்-நெட்அடாப்டர்’ கொடுத்தால் ஒரே பத்திதான். ஆனால் அங்கும் ‘டிஸேபிள்ட்’ வேறு, ‘டிஸ்கனெக்டட்’ வேறு. விண்டோஸைக் கிண்டல் செய்யும் லினக்ஸ்காரர்கள் இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

இந்தப் பிரிவினைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம், பழுது பார்க்கப் போகும் ஆள் வேறுபடுகிறார் என்பதுதான். நிர்வாக நிலை டவுன் என்றால் விசைப்பலகையில் ஒரு கட்டளை போதும். கேரியர் இல்லை என்றால் யாராவது எழுந்து போய் கேபிளைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ‘டவுன்’ என்று ஒரே சொல்லைக் காட்டும் கருவி, ஒரு மனிதரை நள்ளிரவில் வீணாக மாடி ஏற வைக்கிறது.

படி 2: எங்கிருந்து படிப்பது?

முதலில், எங்கிருந்து படிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளையின் வெளியீட்டை வெட்டி ஒட்டிப் படிக்காதீர்கள். 1983இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த அந்தக் கருவிக்கு மரியாதை உண்டு. பிஎஸ்டி குடும்பத்தில் இன்றும் அதுதான் முதன்மைக் கருவி. ‘ஸ்டேட்டஸ்: ஆக்டிவ்’, ‘ஸ்டேட்டஸ்: நோ கேரியர்’ என்று கேரியரைத் தனி வரியில் அழகாகக் காட்டுகிறது. ஆனால் லினக்ஸில் இருப்பது அதே பெயருள்ள வேறு நிரல். பல விநியோகங்கள் அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டன. இரண்டிலும் ‘ரன்னிங்’ என்ற கொடி (உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் குறி) தெரியும். பொருள் மட்டும் ஒன்றல்ல. பிஎஸ்டியில் அது டிரைவர் தன் வேலைக்கான வளங்களை எடுத்துக்கொண்டுவிட்டது என்பதைக் குறிக்கிறது. லினக்ஸில் செயல்நிலை ‘அப்’ அல்லது ‘அன்னோன்’ என்பதைக் குறிக்கிறது. ஒரு சொல்லை நம்பி இரண்டு தளங்களுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் எழுதினால் ஒன்றில் அது பொய் சொல்லும்.

லினக்ஸில் நம்பத் தகுந்த வாசல்கள் மூன்று.

முதலாவது நெட்லிங்க். ‘ஐபி’ கட்டளை கெர்னலோடு பேசும் வழி இதுதான். பெயர், கொடிகள், செயல்நிலை, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), மேக் முகவரி (அட்டையின் வன்பொருள் முகவரி) எல்லாம் ஒரே செய்தியில் சேர்ந்து வரும். ஒரே நொடியில் எடுத்த புகைப்படம் போல, எல்லா மதிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தும்.

இரண்டாவது ‘சிஸ்’ கோப்பகம். அதற்குள் கிளாஸ், அதற்குள் நெட், அதற்குள் இடைமுகத்தின் பெயர். அங்கே ‘ஆப்பர்ஸ்டேட்’, ‘கேரியர்’, ‘ஸ்பீட்’, ‘டூப்ளெக்ஸ்’ என்று ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஷெல் ஸ்கிரிப்டுக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பதால், இடையில் கேபிள் பிடுங்கப்பட்டால் பாதிப் பழைய செய்தியும் பாதிப் புதிய செய்தியும் கலந்து வரும். இன்னொரு கண்ணி: இடைமுகம் நிர்வாக ரீதியில் டவுனாக இருக்கும்போது ‘கேரியர்’ கோப்பைப் படித்தால் 0 வராது, ‘தவறான மதிப்பு’ என்று பிழை வரும். இது குறை அல்ல, நேர்மை. இடைமுகத்தையே நிறுத்தி வைத்துவிட்டு ‘சிக்னல் வருகிறதா’ என்று கேட்டால் கெர்னலிடம் பதில் இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையை விழுங்கி 0 ஆக்கிவிட்டால், இல்லாத ஒரு தகவலை நீங்களே உண்டாக்குகிறீர்கள். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள், போதும்.

மூன்றாவது ‘ஈத்டூல்’. வேகம், டூப்ளெக்ஸ் (இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசலாமா, முறைவைத்துத்தான் பேச வேண்டுமா என்பது), தானியங்கிப் பேச்சுவார்த்தை (இரு முனைகளும் இவற்றைத் தாமே பேசி முடிவு செய்வது) ஆகியவற்றுக்கு இதுதான் மூலம். நெட்லிங்கின் இணைப்புச் செய்தியில் வேகம் வராது என்பதால் எப்படியும் இதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். புதிய கெர்னல்களில், டிரைவர் ஆதரித்தால், ‘லிங்க் டிடெக்டட்: நோ’ என்பதோடு ஏன் இல்லை என்பதையும் சொல்கிறது: கேபிள் இல்லை, மறுமுனையில் யாரும் இல்லை என்பதுபோல. கிடைத்தால் தயங்காமல் காட்டுங்கள்.

‘ஐபி’ கட்டளை காட்டும் ‘நோ-கேரியர்’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெர்னலில் அப்படி ஒரு கொடி கிடையாது. ‘அப்’ கொடி இருந்து ‘ரன்னிங்’ கொடி இல்லாவிட்டால், ‘ஐபி’ கட்டளை தானாகவே அந்தச் சொல்லை எழுதுகிறது. ‘ரன்னிங்’ என்பதையோ மறைத்துவிடுகிறது. ஆகவே கம்பியில் சிக்னல் இருந்தும், 802.1எக்ஸ் அங்கீகாரத்துக்காக (நெட்வொர்க்குக்குள் விடும் முன் அடையாளம் சரிபார்க்கும் முறை) காத்திருக்கும் இடைமுகத்தில்கூட அந்தச் சொல் தோன்றக்கூடும். கேரியர் உண்டா இல்லையா என்பதை ‘லோயர்_அப்’ கொடியிலிருந்து எடுங்கள். ‘நோ-கேரியர்’ என்ற சொல்லிலிருந்து எடுக்காதீர்கள். பெயர் வைத்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் இந்தச் சொல் பலரைக் குழப்பியிருக்கிறது.

படி 3: பெயரைச் சிதைக்காதீர்கள்

லினக்ஸில் இடைமுகப் பெயருக்கு 15 எழுத்துகள் வரை இடம் உண்டு. ‘ஈத்0’ காலத்தில் எட்டு எழுத்துப் பத்தி போதும் என்று நினைத்தார்கள். 2013இல் சிஸ்டம்டி (பல லினக்ஸ் விநியோகங்களில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) கொண்டுவந்த பெயரிடும் முறைக்குப் பிறகு ‘ஈஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்களும், யுஎஸ்பி அடாப்டர் என்றால் மேக் முகவரி முழுவதையும் விழுங்கிய நீண்ட பெயர்களும் வந்துவிட்டன. பத்தியின் அகலம் போதவில்லை என்று பெயரின் வாலை வெட்டினால், கன்டெய்னர்கள் (தனித்தனியாக அடைத்து ஓட்டப்படும் நிரல்கள்) நிறைந்த கணினியில் பத்து இடைமுகங்கள் ஒரே பெயரோடு நிற்கும். வெட்டுவதைவிட வரிசை கலைவது மேல்.

அடுத்தது ‘அட்’ குறி. விலேன் இடைமுகம் (ஓர் அட்டைமீது அமையும் மெய்நிகர் நெட்வொர்க்குக்கானது) ‘ஈத்0.10@ஈத்0’ என்று தெரியும். இதில் பெயர் ‘ஈத்0.10’ மட்டுமே. அட் குறிக்குப் பின்னால் வருவது அது யார்மீது உட்கார்ந்திருக்கிறது என்ற தகவல். கன்டெய்னருக்குப் போகும் வீத் இணையில் (ஒரு மெய்நிகர் கேபிளின் இரு முனைகள்) ‘@இஃப்5’ என்று வரும். மறுமுனை வேறொரு நேம்ஸ்பேஸில் (தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதியில்) இருக்கிறது, அங்கே அதன் எண் 5 என்று பொருள். இந்த முழுச் சரத்தையும் பெயர் என்று எடுத்து அடுத்த கட்டளைக்குக் கொடுத்து, ‘அப்படி ஒரு சாதனமே இல்லை’ என்ற பதிலை வாங்காத ஸ்கிரிப்ட் எழுத்தாளர் அரிது. உங்கள் கருவியில் இரண்டையும் இரண்டு பத்திகளாக வைத்துவிடுங்கள்.

பெயர் மாறும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். எனவே இடைமுக எண்ணையும் கூடவே காட்டுங்கள்.

படி 4: நிலையை எழுதும் பத்திகள்

இதுதான் கருவியின் இதயம். என் பரிந்துரை மூன்று பத்திகள்: அமைப்பு (நிர்வாக நிலை), கேரியர், செயல்நிலை. ஒரு சாதாரணச் சர்வரில் அது இப்படித் தெரியும்:

| இடைமுகம் | அமைப்பு | கேரியர் | செயல்நிலை | வேகம் |
|---|---|---|---|---|
| எல்ஓ | இயக்கு | உண்டு | தெரியாது | – |
| ஈஎன்பி3எஸ்0 | இயக்கு | உண்டு | அப் | 1 ஜிகாபிட், முழு |
| ஈஎன்பி4எஸ்0 | நிறுத்து | – | டவுன் | – |
| ஈஎன்பி5எஸ்0 | இயக்கு | இல்லை | டவுன் | – |
| டாக்கர்0 | இயக்கு | இல்லை | டவுன் | – |

மூன்றாவது, நான்காவது வரிகளைப் பாருங்கள். செயல்நிலையை மட்டும் காட்டியிருந்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது; மற்றது கேபிள் இல்லாமல் தவிப்பது.

முதல் வரியில் இருப்பது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் லூப்பேக். அதன் செயல்நிலை ‘அன்னோன்’ என்றுதான் வரும். புதிதாக லினக்ஸ் கற்பவர் முதலில் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். காரணம் எளிது: கேரியர் மாறும்போதுதான் கெர்னல் செயல்நிலையைக் கணக்கிட்டுப் புதுப்பிக்கிறது. கம்பியே இல்லாத லூப்பேக்கில் அந்த மாற்றம் ஒருபோதும் நிகழாது. ஆகவே பிறந்தபோது இருந்த ‘தெரியாது’ அப்படியே நிற்கிறது. விபிஎன்களில் பயன்படும் டன் வகை இடைமுகங்களும் வயர்கார்டும் இப்படித்தான். ‘அன்னோன்’ என்றால் தரவு போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே கெர்னல் ஆவணத்தின் அறிவுரை. அதைச் சிவப்பில் காட்டி எச்சரிக்கை மணி அடிக்காதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து ‘அப்’ என்றும் மாற்றாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு கருவி வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசி வரி, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் பாலம், அதாவது பல இடைமுகங்களை இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச். கன்டெய்னர் எதுவும் ஓடாதபோது பாலத்தில் போர்ட் இல்லை. போர்ட் இல்லாத பாலத்துக்குக் கேரியர் இல்லை. இது பழுது அல்ல. ஆனால் ‘டவுன்’ என்றதும் மின்னஞ்சல் அனுப்பும் கண்காணிப்பு நிரல்கள் இதற்கும் அனுப்பும். நான் முதன்முதலில் எழுதியதும் அனுப்பியது. ஒரே இரவில் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது. அதன் பிறகு இடைமுகத்தின் வகையையும் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். நிஜ அட்டையா, பாலமா, விலேனா, வீத்தா, டனலா என்று தெரிந்தால் பார்ப்பவரே தீர்மானித்துக்கொள்வார். ‘ஐபி’ கட்டளைக்கு ‘-டி’ விருப்பம் கொடுத்தால் வகை கிடைக்கும்.

இன்னும் இரண்டு சொற்கள் முக்கியம். ‘லோயர் லேயர் டவுன்’ என்றால் குறை இங்கே இல்லை, கீழே இருக்கிறது: விலேன்மீது வந்தால் அது உட்கார்ந்திருக்கும் அட்டையைப் பாருங்கள். ‘டார்மன்ட்’ என்றால் கம்பி சரி, ஆனால் வாசலில் காவலர் இன்னும் உள்ளே விடவில்லை, 802.1எக்ஸ், வைஃபை அங்கீகாரம் போன்றவற்றில் வரும். இரண்டையும் ‘டவுன்’ என்று சுருக்கிவிட்டால், மிகப் பயனுள்ள துப்பை நீங்களே குப்பையில் போடுகிறீர்கள்.

ஒரே சொல்லில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சிஸ்டம்டியின் ‘நெட்வொர்க்சிடிஎல்’ ஒரு வழி காட்டுகிறது: ஆஃப், நோ-கேரியர், டார்மன்ட், கேரியர், டிகிரேடட், ரூட்டபிள் என்று ஏணிப்படியாக ஏறும். நல்ல யோசனைதான். ஆனால் மேல்படிகளில் ஐபி முகவரி உண்டா என்ற கேள்வியும் கலந்துவிடுகிறது. இணைப்புக் கருவி இணைப்பைப் பற்றி மட்டும் பேசுவதே எனக்குப் பிடிக்கும். சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபில் இணைப்புக்கு ‘டிஎல்அட்ம்’, முகவரிக்கு ‘ஐபிஅட்ம்’ என்று இரண்டு கருவிகளாகவே பிரித்துவிட்டார்கள். அதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

படி 5: வேகமும் டூப்ளெக்ஸும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், விடியற்காலைக்குள் முடிந்துவிடும் காப்புப் பிரதி வேலை நண்பகல்வரை இழுத்தது. கண்காணிப்புத் திரையில் எல்லா இடைமுகங்களும் பச்சை. இரண்டு நாள் வட்டைச் சந்தேகப்பட்டோம். பிறகு நிரலைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் ‘ஈத்டூல்’ கொடுத்துப் பார்த்தால் வேகம் 100 மெகாபிட். கேபிள் முனையில் ஒரு ஜோடிக் கம்பி சரியாகக் கடிக்கப்படவில்லை. ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். இருக்கும் ஜோடிகளை வைத்துக்கொண்டு இரு முனைகளும் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டன. கேரியர் உண்டு, செயல்நிலை அப், பத்தில் ஒரு பங்கு வேகம்.

ஆகவே வேகத்தைக் காட்டினால் மட்டும் போதாது. எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதையும் காட்டுங்கள். ‘ஈத்டூல்’ இந்த அட்டை ஆதரிக்கும் வேகங்கள், அறிவிக்கும் வேகங்கள், எதிர்முனை அறிவித்த வேகங்கள் என்று மூன்று பட்டியல்கள் தருகிறது. இரு முனைகளும் ஜிகாபிட் அறிவித்தும் 100இல் நிற்கிறது என்றால் ‘100 மெகாபிட் (1 ஜிகாபிட் சாத்தியம்)’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

டூப்ளெக்ஸ் பொருந்தாமை இதைவிடத் தந்திரமானது. ஒரு முனையில் யாரோ பேச்சுவார்த்தையை அணைத்து, 100 மெகாபிட் முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார். மறுமுனை தானியங்கி. பேச ஆள் இல்லாததால் மறுமுனை சிக்னலைப் பார்த்து வேகத்தை மட்டும் ஊகித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழி இல்லை. தரநிலைப்படி அரை டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் போகும். சிறு கோப்புகள் போகும். பெரிய கோப்பு ஆமையாக ஊரும். அரை முனையில் ‘தாமத மோதல்’ எண்ணிக்கை ஏறும். முழு முனையில் சிஆர்சி பிழைகள் (தரவு சிதைந்து வந்ததைக் காட்டுபவை) குவியும். இன்றைய சுவிட்சில் ‘அரை டூப்ளெக்ஸ்’ என்று ஒன்று தென்பட்டாலே அது ஏறக்குறைய நிச்சயமாகத் தவறு. அதனால் வேகம், டூப்ளெக்ஸ், பேச்சுவார்த்தை மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். மூன்றில் ஒன்றை ஒளித்தாலும் மற்ற இரண்டுக்கும் பொருள் கிடைக்காது.

வேகம் தெரியாதபோது ‘ஸ்பீட்’ கோப்பு -1 என்று தரும், ‘ஈத்டூல்’ ‘அன்னோன்!’ என்று ஆச்சரியக்குறியோடு அலறும். பழைய நிரல்கள் சிலவற்றில் அதே மதிப்பு 65535 ஆகத் தோன்றும். அறுபத்தைந்து ஜிகாபிட் அட்டை என்று எண்ணி யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். இவற்றையெல்லாம் ஒரே கோடாக மாற்றிவிடுங்கள்.

மெய்நிகர் இடைமுகங்களின் வேகத்தை நம்பவே நம்பாதீர்கள். வீத் 10 ஜிகாபிட் என்று சொல்லும். டன் இடைமுகம் பழைய கெர்னல்களில் 10 மெகாபிட் என்று சொல்லும். இரண்டும் கேட்டதற்காகச் சொல்லப்படும் எண்கள். உண்மையான வேகத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. மெய்நிகர் வகைகளுக்கு அந்தப் பத்தியைக் காலியாக விடுவதே நான் செய்வது.

அலகு விஷயத்தில் ஒரே விதி: பிட்டா பைட்டா என்று எழுதாமல் எண்ணை மட்டும் விடாதீர்கள். இணைப்பு வேகம் பத்தின் மடங்கில்தான் கணக்கிடப்படுகிறது. 1000 மெகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட். 1024ஆல் வகுக்கும் பழக்கத்தை நினைவகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2.5 ஜிகாபிட் அட்டைகள் சாதாரணமாகிவிட்டதால் முழு எண்ணாக வெட்டும் நிரல் 2 ஜிகாபிட் என்று காட்டிவிடும், அதையும் கவனியுங்கள்.

படி 6: மேக் முகவரியும் எம்டியுவும்

இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. இப்போதுள்ள மேக் முகவரியும் அட்டையில் பொறிக்கப்பட்ட முகவரியும் வேறாக இருந்தால் இரண்டையும் காட்டுங்கள். புதிய ‘ஐபி’ கட்டளை ‘பெர்ம்அட்ரஸ்’ என்று தனியே காட்டுகிறது. எம்டியு 1500 என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 9000 என்று இருக்கும் அட்டைமீது 1500 உள்ள பாலம் இருந்தால் பார்ப்பார்கள். மேலும் கீழும் உள்ள இடைமுகங்களை அடுத்தடுத்த வரிகளில் வைத்தால் அந்த முரண் தானாகக் கண்ணில் படும்.

படி 7: நேரத்தைச் சேருங்கள்

இணைப்பு இந்த நொடியில் நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்? தளர்ந்த முனையுள்ள கேபிள் விட்டுவிட்டுத் தொடும். நீங்கள் பார்க்கும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக இருக்கும்.

‘கேரியர்_சேஞ்சஸ்’ என்ற கோப்பு இதற்குத்தான். கேரியர் போனாலும் வந்தாலும் ஒவ்வொன்று கூடும். ஒருமுறை பிடுங்கிச் செருகினால் 2. கண்காணிப்பு நிரல் ஐந்து நொடிக்கு ஒருமுறை நிலையைப் பார்த்தால் இடையில் நடந்த துடிப்பு தப்பிவிடும். இந்த எண்ணிடமிருந்து தப்பாது. எண்ணை அப்படியே காட்டுவதைவிட, சென்ற முறையிலிருந்து எவ்வளவு கூடியது என்று காட்டுங்கள். நடக்க நடக்கப் பார்க்க ‘ஐபி மானிட்டர் லிங்க்’ இருக்கிறது. உங்கள் கருவிக்கும் அதுபோல ஒரு ‘காத்திருந்து பார்’ முறை இருந்தால், கேபிளை அசைத்துக்கொண்டிருப்பவரும் திரையைப் பார்ப்பவரும் தொலைபேசியில் ‘இப்போது?’, ‘இல்லை’, ‘இப்போது?’ என்று கத்திக்கொள்ள வேண்டியிருக்காது.

படி 8: மனிதருக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று

மேலே வரைந்த அட்டவணை கண்ணுக்கு. அதையே இன்னொரு ஸ்கிரிப்ட் படிக்கப் போகிறது என்றால், நாளை நீங்கள் ஒரு பத்தியைச் சேர்த்ததும் அது உடையும். முதல் நாளிலேயே ஜேசான் (நிரல்கள் எளிதில் படிக்கும் வடிவம்) வெளியீட்டையும் கொடுத்துவிடுங்கள். ‘ஐபி’ கட்டளையின் ‘-ஜே’ விருப்பம் நல்ல முன்மாதிரி: அங்கே பெயர் தனி, அட் குறிக்குப் பின்னால் உள்ளது தனி, கொடிகள் ஒரு பட்டியல்.

‘டிஎல்அட்ம்’ கருவியிடம் கற்க இன்னொன்று உண்டு. நிரலுக்கான வெளியீடு கேட்டால், எந்தப் பத்திகள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டே தீர வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தராது. இதனால் பின்னாளில் புதிய பத்தி சேர்ந்தாலும் பழைய ஸ்கிரிப்ட் உடையாது. பிரிக்கும் குறி முக்காற்புள்ளி. மேக் முகவரியிலும் முக்காற்புள்ளி வருமே என்று நீங்கள் கேட்பதற்குள், அவற்றுக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டுவிடுகிறார்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு சொல். வெளியீடு கோப்புக்கோ இன்னொரு கட்டளைக்கோ போகும்போது நிறக் குறியீடுகளை நிறுத்திவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்கலாம்; நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள்.

நிலைச் சொற்களைத் தமிழில் காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ‘தொடர்பு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கேபிள் இல்லையா, முகவரி இல்லையா, இணையமே இல்லையா என்று மூன்று பொருள் அதற்கு. ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’, ‘கேபிளில் சிக்னல் இல்லை’ என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை. ஜேசானில் வரும் மதிப்புகளை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள்.

படி 9: கேபிளைத் தொடாமல் சோதியுங்கள்

இத்தனை நிலைகளையும் சோதிக்கச் சர்வர் அறைக்குப் போக வேண்டியதில்லை. நிர்வாகி உரிமையோடு ஒரு சோதனைக் கணினி இருந்தால் போதும்.

‘ஐபி லிங்க் ஆட் டி0 டைப் டம்மி’ என்று ஒரு பொம்மை இடைமுகத்தை உருவாக்குங்கள். இயக்கும் முன்பு உங்கள் கருவியை ஓட்டுங்கள்: கேரியர் பத்தியில் கோடு வர வேண்டும், 0 வரக் கூடாது. ‘ஐபி லிங்க் செட் டி0 அப்’ கொடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்: செயல்நிலை ‘தெரியாது’ என்று வர வேண்டும், எச்சரிக்கை எதுவும் எழக் கூடாது.

அதன்மீது 10ஆம் எண் விலேன் ஒன்றை உருவாக்கி அதையும் இயக்குங்கள். பெயர்ப் பத்தியில் அட் குறி நுழைந்துவிடவில்லையே என்று பாருங்கள். இப்போது ‘ஐபி லிங்க் செட் டி0 கேரியர் ஆஃப்’. கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம் இது. டி0 கேரியர் இழந்து டவுன் ஆகும். விலேன் ‘லோயர் லேயர் டவுன்’ ஆகும். உங்கள் கருவி இரண்டுக்கும் வேறு வேறு சொல் காட்டுகிறதா?

அடுத்து ஒரு வீத் இணை. ஒரு முனையை மட்டும் இயக்கினால் அதுவும் ‘லோயர் லேயர் டவுன்’ என்று நிற்கும். மறுமுனையையும் இயக்கியதும் இரண்டும் அப். வேகப் பத்தியில் 10 ஜிகாபிட் என்று தோன்றினால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாக, டி0வின் கேரியரை மறுபடி ‘ஆன்’ செய்யுங்கள். இதுவரை ‘தெரியாது’ என்றிருந்த அதே பொம்மை இப்போது ‘அப்’ என்று காட்டும். கருவியில் பிழை என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள். கேரியர் ஒருமுறை போய் வந்ததால், கெர்னல் இப்போதுதான் முதன்முறையாக அதன் செயல்நிலையைக் கணக்கிட்டிருக்கிறது. ‘கேரியர்_சேஞ்சஸ்’ கோப்பைத் திறந்தால் அந்த எண் இரண்டு கூடியிருக்கும்.